என் முதுகு, என் முடிவு

பிரியதோஷ் கோஷால் அந்தச் சபதத்தை எடுத்தது நின்றுகொண்டு அல்ல, தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு.

"முதுகு என்னோடது. அதைக் கீறப்போறவன் யாருங்கிறதையும் நான்தான் முடிவு பண்ணுவேன். இதுல யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம்!"

யாரும் என்றால் சுதபா. அவர் மனைவி. வீட்டில் மூக்கை நுழைக்க வேறு ஆளே கிடையாது. ஒரே மகள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். மானிக்தலா சந்தையில் ஓர் இலீஷ் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க மனிதர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மீன்காரன் நல்லவன். அவரையும் மீனையும் ஒரே ரிக்ஷாவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தான். இரண்டில் எது அதிகம் விறைத்திருந்தது என்று சொல்வது கஷ்டம்.

அப்புறம் வெந்நீர்ப் பை, இடுப்பு பெல்ட், ஹோமியோபதி உருண்டை எல்லாம் ஆயிற்று. வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் இடது பாதம் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஒருநாள் மூலைக்கடை வரைக்கும் போய், ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று வழியில் கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. ஸ்கேன் எடுத்தார்கள். குடும்ப டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, நல்ல சர்ஜனாகப் பார்த்து ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள், தள்ளிப்போட்டால் பாதம் தொங்கியே போய்விடும்.

அன்றிலிருந்து சுதபாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிரியதோஷுக்கு நன்றாகவே இறங்கியது. பயம் வந்தால் அதிகமாகச் சாப்பிடுகிற ஜாதி அவர்.

"நம்ம பொட்லா இருக்கானே," என்று மெதுவாக ஆரம்பித்தாள் சுதபா.

"எந்தப் பொட்லா?"

"ஜபல்பூர் சித்தி பையன்ங்க. முதுகெலும்புக்குன்னே படிச்சு, வெளிநாட்டுல எல்லாம் வேலை பாத்துட்டு, இப்ப இங்கேயே வந்துட்டான்."

"நம்ம கல்யாணத்துல ரசகுல்லா அண்டாக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டு மாட்டிக்கிட்டானே, அவனா?"

"அப்ப அவன் சின்னப் பிள்ளைங்க!"

"அந்தக் கை என் முதுகுக்குள்ள போகணுமாக்கும்? பொட்லா கையில குடுத்தா பொட்டலமாத்தான் திரும்பி வரும்!"

தான் அடித்த ஜோக்குக்குத் தானே சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. சுதபா வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைத்தாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எதிர்த்துப் பேசாத நாட்களில்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை, பாவம்.

சர்ஜன் வேட்டை தொடங்கியது. முதலில், அவரை 'தா' போட்டு அண்ணனாக்கிக்கொண்ட கீழ் வீட்டு சாதன்-பாபு வந்தார்.

"பிரியோ-தா, யோசிக்கவே யோசிக்காதீங்க. தெற்கே போயிடுங்க. நான் போயிட்டு வந்தவன் சொல்றேன்."

"அங்கே டாக்டருங்க எப்படி?"

"பிரமாதம்! ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே ஒரு தோசைக்கடை இருக்கு பாருங்க..."

"தோசை கிடக்கட்டும். முதுகுக்கு எப்படி?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் போனது கண்ணுக்கு."

ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி, அந்தப் புதுக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டு, "ஒண்ணு மட்டும் நிச்சயம் போதி. உங்க புருஷனுக்கு முதுகெலும்பு இருக்குன்னு எழுத்து மூலமா குடுத்துட்டாங்க," என்றார் சாதன்-பாபு. சுதபா தேநீர்க் கோப்பையை நங்கென்று அவர் முன்னால் வைத்தாள். போதி என்று தன்னை அண்ணியாகக் கொண்டாடுகிறவர் என்பதால் மட்டும் அன்றைக்கு அவர் பிழைத்தார்.

சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவன் ரயிலில் இரண்டு ராத்திரி எப்படிப் போவது? தெற்கு வேண்டாம் என்றாகிவிட்டது. கிளப்பில் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். ஒருவர் சொன்ன சர்ஜனை இன்னொருவர் கசாப்புக்காரன் என்றார். பிரியதோஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எதையும் முடிவு செய்யாமல், காலை இழுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ஒரு சாயங்காலம் சுதபா பொரி கலந்துகொண்டே சலித்துக்கொண்டாள்.

"கீழ் வீட்டம்மாவும் ஒரு பேர் சொல்றாங்க. டாக்டர் ஹிரண்மய் லாஹிரியாம். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு வேண்டாம்னே?"

"எனக்கென்னவோ மனசுக்குப் பிடிக்கலை."

"ஏன் பிடிக்கலை?"

"ரொம்பக் கறாராம். முதல்ல கத்தி வேணுமா வேண்டாமான்னுதான் பாப்பாராம். பாதிப் பேரை மருந்து, பயிற்சின்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவாராம். வந்தவனைத் திருப்பி அனுப்புறவர் என்ன டாக்டர்?"

பிரியதோஷ் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"அடி மக்கு! அவன்தானேடி டாக்டர்! கத்தி வேணாம்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் கத்தியைப் பிடிக்கணும்!"

"என்னமோ போங்க. எனக்கு வேண்டாம். அந்த ஆள் மட்டும் வேண்டவே வேண்டாம்."

போதாதா? மறுநாள் காலையில் பிரியதோஷ் களத்தில் இறங்கினார். சும்மா சொல்லக்கூடாது, வேலையைச் சரியாகத்தான் செய்தார். மருந்துக்கடைக்காரரைக் கேட்டார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண்ணைக் கேட்டார். லாஹிரியிடம் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு டிராம் கண்டக்டரைத் தேடிப் பிடித்து, நடந்து காட்டச் சொல்லிப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு யார் வந்து பார்க்கிறார், லாஹிரியா, அவருடைய உதவியாளா என்று குடைந்து கேட்டார். தினமும் அவரே வருவார் என்றார் கண்டக்டர். எல்லாப் பதிலும் ஒரே மாதிரி நல்லவிதமாக இருந்தது.

அன்று மாலை கிளப்பில் கேரம் பலகையைத் தட்டி நிறுத்திவிட்டு அறிவித்தார்.

"ஹிரண்மய் லாஹிரி. கொல்கத்தாவிலேயே இப்போதைக்கு இவர் கைதான் கை. நானே கண்டுபிடிச்சேன். வீட்டுல முட்டுக்கட்டை போட்டாங்க. நான் மசியலையே!"

கிளப்பே கை தட்டியது. சாதன்-பாபு ஒரு படி மேலே போய், தன் மைத்துனன் முதுகுக்கும் இவரையே சிபாரிசு செய்யப் போவதாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற டாக்சியில் சுதபா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பிரியதோஷ் ஜெயித்தவனுக்குரிய பெருந்தன்மையோடு அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். டாக்டரின் அறைக் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட, நெற்றியில் வழுக்கை ஏறிய ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஜாமாய்பாபு!"

பிரியதோஷ் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அக்காள் புருஷன் என்று உறவு கொண்டாடி அவரை அப்படிக் கூப்பிட உலகத்தில் சுதபாவின் தம்பிமார்களுக்குத்தான் உரிமை.

"நீ... பொட்லாவா? உன் பேர் ஹிரண்மய்யா?"

"வீட்டுல பொட்லா. போர்டுல பொட்லான்னு போட்டா எவன் வருவான், ஜாமாய்பாபு?"

நியாயமான கேள்வி. பிரியதோஷையே வீட்டில் ஹாபுல் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆபீசில் அது வெளியே தெரிந்துவிடாமல் காலம் தள்ளிய மனிதர் அவர். இருந்தும் மச்சினனுக்கு உலகத்துக்கென்று இன்னொரு பேர் இருக்குமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

பொட்லா இருவரையும் உட்காரவைத்துவிட்டுக் குனிந்து, முறைப்படி அவருடைய இரண்டு பாதங்களையும் தொட்டு வணங்கினான். வணங்கியவன் எழுந்திருக்கவில்லை.

"ஜாமாய்பாபு, இப்ப நான் எந்தக் காலைத் தொட்டுக்கிட்டிருக்கேன்?"

"வலது."

"ரெண்டையும்."

பிரியதோஷ் குனிந்து பார்த்தார். இடது கட்டைவிரலைப் பொட்லா அழுத்தமாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். அவருக்கு அது யாருடைய விரலோ போல இருந்தது. முதல்தடவையாக அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பொட்லா எழுந்தான். குரல் மாறியிருந்தது. "மருந்து, பயிற்சிக்கெல்லாம் இனி நேரமில்லை. வேற சர்ஜனைக் கேக்கணும்னா தாராளமாக் கேளுங்க, நானே பேர் தர்றேன். ஆனா இந்த வாரமே கேளுங்க."

உடனே சுதபா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, இந்த டாக்டர் வேண்டாம்னு! எழுந்திருங்க, போகலாம். கிளப்புல கேட்டா, என் கணிப்பு தப்பாப் போச்சு, பொண்டாட்டி சொன்னதுதான் சரின்னு சொல்லிடுங்க."

பிரியதோஷ் பொட்லாவின் கையைப் பார்த்தார். சுத்தமான கை. நடுங்காத கை.

"உக்காருடி," என்றார். "இவர் நான் தேர்ந்தெடுத்த டாக்டர்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் பொட்லாவே வந்து போர்வையை விலக்கி, விரலை அசைக்கச் சொன்னான். இடது கட்டைவிரல் லேசாக, பிடிவாதமாக, ஒரு தடவை அசைந்தது. சுதபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். இத்தனை நாளும் அவள் எவ்வளவு பயந்து போயிருந்தாள் என்பது அப்போதுதான் பிரியதோஷுக்குத் தெரிந்தது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சுதபா, உண்மையைச் சொல்லு. வேண்டாம் வேண்டாம்னு குதிச்சதெல்லாம் நடிப்புதானே?"

"நான் வேணும்னு சொன்னதை நீங்க என்னிக்காவது செஞ்சிருக்கீங்களா?"

பிரியதோஷ் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"அப்ப அந்த உல்டாடாங்கா ஃப்ளாட்டை வாங்கினது?"

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அதான் வேண்டாம்னேன்."

"பொண்ணைக் கணக்குப் படிக்க வெச்சது?"

"அதுவும்தான்."

பிரியதோஷ் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"சரி, போனது போகட்டும். ஒண்ணு மட்டும் முழுக்க முழுக்க என் முடிவு. நம்ம கல்யாணம்! நான் பொண்ணு பாத்துட்டுப் போன மறுநாளே, பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலைன்னு உங்க பக்கத்திலேர்ந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனான். எங்கம்மா விட்டுடுடான்னாங்க. கட்டினா இவளைத்தான் கட்டுவேன்னு ஒத்தைக்கால்ல நின்னது யாரு? நான்!"

சுதபா ஒரு சுளையைக் கொட்டை எடுத்து அவர் வாயில் வைத்தாள்.

"அந்த ஆளை அனுப்பினதே நான்தாங்க."