நெய் ஊறாத மந்திரத் தாள்

நியூசிலாந்தின் ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் கீரை வாங்கிய கையோடு கூட்டம் நேரே வாடகை மண்டபத்துக்குள் நுழைந்தது. ஆல்பனி, தகனினி புறநகர்களிலிருந்தும் கார்கள். கணினிக்கே புத்தி புகட்டுகிறவர்கள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்கள். புத்தியையும் பக்கத்திலேயே விட்டார்கள்.

நல்லசாமி சித்தரின் அற்புதம் எளிமையானது. மந்திரம் எழுதிய தாளில் நெய் சொட்டும் அல்வாவை வைப்பார். முணுமுணுப்பார். தாளைத் திருப்பிக் காட்டுவார். அடியில் பொட்டுக் கறை இருக்காது.

"நெய்யே ஊறல. உங்க வீட்டுக்குள்ள கண்ணேறு ஊறுமா?"

ஊறாது என்றது கூட்டம். காணிக்கைத் தட்டு நிறைந்தது.

மலேசியாவிலிருந்து வந்த பூங்கோதை காணிக்கை கொடுத்து வாங்கிய அந்தத் தாளை வெந்நீரில் ஊறப்போட்டு, அந்த நீரை ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் ரஷ்மிக்குத் தினமும் கொடுத்தார்.

"தாள் கரையவே இல்லையே, அத்தை?"

"அதான் மகிமை லா. பிள்ளைக்கு நல்லது, குடி."

கறிவேப்பிலை கேட்டு வந்த அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்துக் குணவதி குவளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உதைக் குடிக்காதை, பிள்ளை. பூங்கோதையக்கா, இது பர்கர் சுத்துற தாளெல்லோ? எண்ணெய் ஊறாமலிருக்க மருந்து பூசுறவை. சாப்பாட்டுத் தாளில அது கூடாதெண்டு அமெரிக்காவில ஒரு மாநிலம் இந்த வருசம் சட்டமே போட்டிருக்கு. உடம்புக்குள்ள போனால் லேசில வெளிக்கிடாதாம்."

"அமெரிக்காக்காரனுக்கு மந்திரம் தெரியுமா?"

"தெரியாது. அதாலதான் சோதிச்சுப் பாத்திருக்கிறான். நாங்களும் பாப்பம். சாமி தோத்தால் பிள்ளைக்கு இதை நிப்பாட்டவேணும்."

"சாமி ஜெயிச்சா நீங்களும் குடிக்கணும்."

"ஓம், ஒரு செம்பு."

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் குணவதி ஒரு பள்ளிக்கூடக் கொப்பித் தாளை நீட்டினார்.

"சாமி, மந்திரத்தை இதில எழுதுங்கோ."

"அது தீட்டுப்பட்ட தாள், தாயி."

"உங்கட மந்திரத்தால தீட்டுப் போகாதோ?"

கூட்டம் சிரித்தது. சித்தர் வேறு வழியின்றி எழுதினார், அல்வாவை வைத்தார், வழக்கத்தைவிட நீளமாக முணுமுணுத்தார். தாளைத் திருப்பினார்கள். நெய்க்கறையில் நியூசிலாந்தின் இரண்டு தீவுகளும் தெளிவாகத் தெரிந்தன.

"யாரோ விரதத்தை முறிச்சிருக்கீங்க" என்றார் சித்தர்.

குணவதி பையிலிருந்து மைக்ரோவேவில் பொரிக்கும் பாப்கார்ன் உறை ஒன்றை எடுத்தார். வெட்டி விரித்தார். மந்திரமும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. அல்வாவை வைத்துத் திருப்பினார். பொட்டுக் கறை இல்லை.

"இது எந்தச் சித்தர் கொடுத்தது?" என்றது பின்வரிசை.

"சூப்பர்மார்க்கெட் சித்தர்."

நல்லசாமி தம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பூங்கோதை மருமகளுக்கென்று பிளாஸ்கில் கொண்டுவந்த தண்ணீரை மண்டபத்துத் தொட்டியில் கவிழ்த்தார்.

வெளியே வந்தபோது ஒருவர் குணவதியின் காதருகே குனிந்தார்.

"அக்கா, அந்தப் பாப்கார்ன் உறை மிச்சம் இருந்தா ஒண்ணு தாங்களேன். வாசல்ல மாட்டத்தான்."

தாளில் பூசிய மருந்தைச் சட்டம் போட்டு நீக்கலாம். எதுவும் உள்ளே ஊறாதபடி மண்டைக்குப் பூசிக்கொண்டதை எந்த அரசும் வந்து சுரண்டாது. அது அவரவர் கைவேலை.