கோரையை வழித்த தலைவர்

ஊருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் எனக்குக் காது கேட்காது. சூலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்யப் போன அன்றுதான் அது எனக்கே தெரிந்தது.

குளக்கரையில் காலை நடை போகும் பத்துப் பேர் சேர்ந்து என்னைத் தலைவராக்கியிருந்தார்கள். (வேறு யாரும் கை தூக்கவில்லை.) ஆகாயத்தாமரையை அள்ளத்தான் பொக்லைன் வரவழைத்தோம். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மெஷின் சும்மா நிற்கிறதே என்று, கரையோரம் இடுப்பளவு வளர்ந்திருந்த கோரையைக் காட்டினேன்.

"அதையும் வழிச்சுப்போடுங்க."

குளத்தில் மீன் பிடிக்கும் ராசாத்தியக்கா வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏனுங்க, அது களையில்லீங்க. அந்த வேருதானுங்க கரை மண்ணைப் புடிச்சிருக்குது. உள்ளே நீர்க்கோழி அடைகாக்குதுங்க."

"கொசுதானுங்கக்கா அடைகாக்குது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அரை மணி நேரத்தில் கரை மொட்டை. போட்டோவுக்காகத் தண்ணீரோரம் இறங்கினேன். வேர் போன சேறு என்னை இடுப்புவரை உள்ளே வாங்கிக்கொண்டது. (போட்டோவில் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

"அதைப் புடிச்சுக்குங்க!" மெஷினுக்குத் தப்பிய ஒரே ஒரு கோரைக் கொத்தைக் காட்டினார் ராசாத்தியக்கா. பிடித்தேன். என் எடைக்கும் அது அசையவில்லை. முகத்துக்கு நேரே, மடிந்து கிடந்த கோரைத் தாள்களின் மேல், ஐந்து முட்டைகள். கொஞ்ச தூரத்தில் தாய்க்கோழி கத்திக்கொண்டே சுற்றியது. வழித்துக் குவித்த சேற்றில் இப்படி எத்தனை கூடு இருந்ததோ.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். முட்டைகளைக் காணோம். பொரிந்ததா, காக்கை கொண்டுபோனதா என்று அக்காவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. ஐப்பசி மழையில் எங்கள் நடைபாதையே ஓரிடத்தில் குளத்துக்குள் சரிந்தது. அப்புறம்தான் அவரிடம் போய் நின்றேன்.

"கோரை மறுபடி வருமுங்களாக்கா?"

"கெழங்கு கெடந்தா வருமுங்க. ஆனா மெஷின் வேகத்துக்கு வராதுங்க."

தண்ணீர் வடிந்த பிறகு, சேற்றில் முட்டி போட்டு, அவர் காட்டிய இடத்திலெல்லாம் கிழங்கு ஊன்றினேன். கரை பச்சையாக மூன்று வருடமானது.

இப்போதும் நான் வீட்டில் விளக்குமாற்றை எடுத்தால் போதும், என் மனைவி மகளுக்குக் குரல் கொடுப்பாள்: "அம்மணி, கட்டிலுக்கடியில முட்டை கிட்டை இருக்குதான்னு பாரு! தலைவர் சுத்தம் பண்ண வாராரு!"

மகள் சிரிப்பாள். நான் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கூட்டுகிறேன்.