தீபத்தன்று நான் போட்ட 'டிண்டாலு'

வாயில் பழகிப்போன சொல்லுக்கு இடம் பொருள் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருத்தி 'டிண்டாலு' என்ற சொல்லைக் கொண்டுவந்தாள். அர்த்தமெல்லாம் கிடையாது. பிரமாதமான எதையாவது பார்த்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதலில் கோ-கோவில் ஜெயித்தபோது நாங்கள் சொன்னோம். வாரம் முடிவதற்குள் ஆண்கள் பள்ளியில் சொன்னார்கள். அப்புறம் செங்கம் ரோட்டில் ஒரு கண்டக்டரே புதுப் பஸ்ஸைத் தட்டிக்கொடுத்துச் சொன்னதை என் காதால் கேட்டேன். ஒரு சொல்லுக்கு இப்படிக் கால் முளைக்குமா என்று வாய் பிளந்து நின்றேன். (பாடத்தில் எதற்கும் நான் அப்படி நின்றதில்லை.)

அந்தக் கார்த்திகை தீபத்துக்குத்தான் அக்காவைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போனதில் அம்மாவும் அப்பாவும் ஒடிந்துபோயிருந்தார்கள். தீபம் பார்த்து, விரதம் முடித்துச் சாப்பிட்டபின் பேசலாம் என்று ஏற்பாடு. எல்லோரும் மொட்டைமாடியில் மலையைப் பார்த்து நின்றோம். மாப்பிள்ளையின் அப்பா மல்லாட்டை மண்டிக்காரர் (வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை). வந்ததிலிருந்து சிரிக்கவே இல்லை.

உச்சியில் ஒரு பொறி தெரிந்தது. அடுத்த கணம் தீ எழுந்து நின்றது. வருஷா வருஷம் பார்ப்பதுதான்; ஆனாலும் உடம்பு சிலிர்த்துக் கண் நிறைந்துவிட்டது. ஊரே அரோகரா என்றது. நான் கைகூப்பி, தொண்டை கிழிய, "டிண்டாலு" என்றேன்.

குனிந்த தலை நிமிரக்கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தும் அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அகல் ஏற்றப் பற்றவைத்த தீக்குச்சி அம்மாவின் விரலைச் சுட்டது.

மண்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். "இன்னா கண்ணு சொன்ன?"

"சாமிய ஒண்ணும் சொல்லலீங்க. ரொம்பப் பெருசா எதனா பாத்தா ஸ்கூல்ல இப்பிடித்தான் சொல்லுவோம்."

அவர் மலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு சாப்பிட இறங்கினார். சாப்பிட்டதும் கல்யாணப் பேச்சையே எடுக்காமல் ஊருக்குப் போய்விட்டார்கள். அக்கா கல்யாணத்தைக் கெடுத்த பாவி என்று ஒரு வாரம் அழுதேன். (அவள் சிரித்ததற்கும் சேர்த்து எனக்கே திட்டு.) சம்மதம் என்று ஆள் வந்தபிறகுதான் என் தட்டில் ஒழுங்காகச் சோறு விழுந்தது.

அரைப்பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்குப் போனால் டிண்டாலு செத்துப்போயிருந்தது. சொன்னவளைப் பட்டிக்காடு என்று சிரித்தார்கள். ஊரையே பிடித்த சொல் போன இடம் தெரியவில்லை. அது வந்ததைவிடப் போன விதம்தான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

பிறகு அக்காவுக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்து நின்றோம். உள்ளே போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்த மண்டிக்காரர் கண்ணெல்லாம் ஈரமாக வெளியே வந்தார். என்ன குழந்தை என்று அம்மா கேட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"டிண்டாலு."

இன்றும் எங்கள் இரண்டு வீட்டிலும் குழந்தை பிறந்தால் முதலில் வரும் செய்தி அதுதான். ஆணா பெண்ணா என்பதெல்லாம் அப்புறம்.