இடப்பக்கம் நாலே கால், வலப்பக்கம் ஒன்றரை

மதிப்பிற்குரிய அத்தானுக்கு, மைத்துனன் படுத்தபடியே வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அடிவயிற்றில் இரண்டு பக்கமும் தையல் என்பதைத் தவிர நானும் நலம்.

குடலிறக்கத்தைப் பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு வருடமாக நீங்கள் ஆபரேஷனுக்குப் போக்குக் காட்டுவதாக அக்கா போனில் அழுதாள். அதனால்தான் இந்தக் கடிதம். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே நாளில் முடிந்துவிட்டது. முதல் நாள் மயக்க டாக்டர் வந்து, பிறகு வலி தெரியாமலிருக்கத் தையலைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவோம், லிக்னோகெய்ன் சட்டென்று பிடித்துச் சட்டென்று விட்டுவிடும், புபிவகெய்ன் மெதுவாகப் பிடித்து நெடுநேரம் விடாது, எது மேல் என்று ஒப்பிடுகிறோம், எந்தப் பக்கத்துக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும், சம்மதமா என்றார். முப்பத்துநாலு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை வைத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து, வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்பார். இடம் நாலே கால், வலம் ஒன்றரை என்றேன். முழு எண்ணாகச் சொல்லச் சொன்னார். பத்து என்பது யாருடைய வலி, அதற்கு மூல எடைக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "மூணு பிள்ளை பெத்தவ நான். அவர் நாலுன்னா நீங்க அரைன்னு போட்டுக்கங்கம்மா" என்றாள் இவள். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்குள் இடப்பக்கம் கொக்கி போட்டு இழுத்தது. வலப்பக்கமோ யார் வீட்டு விவகாரமோ என்று கிடந்தது. பக்கத்துக் கட்டில் தையற்காரர், முன்பே குடல்வாலுக்காக ஒரு தரம் வயிற்றைத் திறந்திருப்பதால் எனக்கு இது இரண்டாம் தடவை என்று கேட்டறிந்து, அடிக்கடி திறப்பதென்றால் ஜிப் வைத்திருக்கலாமே என்றார். சிரித்துத் தொலைத்தேன். அதற்கும் இடம்தான் வலித்தது. வலத்தின் மேல் வந்த நம்பிக்கையில், யாரையும் கூப்பிடாமல் வலக்காலை ஊன்றிக் கட்டிலை விட்டு இறங்கினேன். மருந்து தொடைக்கும் பரவியிருந்தது எனக்கெப்படித் தெரியும்? கால் மடங்கி, எதிரே வந்த மயக்க டாக்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இப்ப எத்தனை?" என்றார். "இடம் ஆறு, வலம் பூஜ்யம், வெட்கம் பத்து" என்றேன்.

உண்மையைச் சொன்னால், போன மாதம் நானும் பெல்ட் கடைப் படி ஏறி இறங்கியவன்தான். ஆகவே அத்தான், பயப்படாமல் வாருங்கள். வலப்பக்கம் போட்டதுதான் சரக்கு. அது புபிவகெய்ன் என்று என் அனுபவம் முத்திரை வைக்கிறது. அதையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஆசிகள். குனிய முடியாததால் அக்காவுக்கு நிமிர்ந்தபடியே வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: டாக்டர் இப்போதுதான் உறையைப் பிரித்தார். சரிபார்ப்பதற்காகச் சிலருக்கு இரண்டு பக்கமும் ஒரே மருந்து போடுவார்களாம். நான் அந்தச் சிலரில் ஒருவன். என்ன மருந்து என்று கேட்க வாய் வரவில்லை. மேலே எழுதியதை அடித்துவிடவும். ஆய்வுக்கு இன்னும் ஒரு ஆள் குறைகிறதென்றார்கள். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வியாழன் காலை வெறும் வயிற்றோடு வரவும். கையெழுத்து மட்டும் நீங்களே போடவேண்டுமாம்.