நாலாம் நம்பர் வீட்டு ஜனாதிபதி

இந்த நாட்டுக்கு ஜனாதிபதியாகியிருக்க வேண்டிய மனிதர், மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டில் நாலாம் நம்பரில் குடியிருந்தார். நாட்டுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

தெருவே அவரைத் தூதர் என்றுதான் கூப்பிடும். முதலில் ஓசூர் கோர்ட்டில் வக்கீல். எதிராளி பக்கம் நியாயம் இருந்தால் அதையும் எழுந்து சொல்லிவிடுவார்; கட்சிக்காரர் ஒருவரும் தங்கவில்லை. பிறகு தூது போகும் உத்தியோகத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார். குழாயடிச் சண்டையில் ஒன்றாம் நம்பர்காரர், "அவன் மூஞ்சியப் பேத்துருவேன்னு சொல்லுங்க" என்பார். தூதர் மூன்றாம் நம்பருக்குப் போய்த் தெலுங்கில், "உங்க முகத்தப் பத்தி அவருக்கு ரொம்பக் கவலை" என்பார். சண்டை நின்றுவிடும்.

ஜனாதிபதி தேர்தல் வந்தால் கறுப்புக் கோட்டோடு டில்லிக்கு ரயிலேறுவார். முன்மொழியவும் வழிமொழியவும் எம்.பி.க்கள் கையெழுத்து வேண்டும். இவருக்கு ஒருவரையும் தெரியாது. மனு தள்ளுபடியாகும். "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று சிரித்தபடி வந்து சேருவார்.

ஐந்தாம் நம்பரில் மஞ்சுநாத் என்று கோலார் பக்கத்துப் பிள்ளை, கம்பெனி வேலை. நெஞ்சுவலி என்று போனவன் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டான். உடம்பை அப்படியே ஊருக்கு அனுப்பிவிட்டோம். மறுவாரத்திலிருந்து, முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்து நிற்கும் நாலு மணிக்கு, பூட்டின அந்த வீட்டின் தாழ்ப்பாள் உள்பக்கம் விழும். பட்டப்பகல், நல்ல வெயில். முருகன் படம் மாட்டினேன், விபூதி போட்டேன். நிற்கவில்லை.

மகள் தலைப்பிரசவத்துக்கு வரவேண்டிய மாதம் அது. "அந்தச் சத்தம் நிக்காம எம்பொண்ணு இந்த வாசப்படி மிதிக்க மாட்டா" என்றாள் மனைவி.

தூதரிடம் ஓடினேன். கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலி நாற்காலி முன்னால் ஒரு டீயும் வைத்துக் கன்னடத்தில் பேசினார். நடுநடுவே நிறுத்தித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அவன் மேல தப்பில்லீங்க. ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வர்றான். செத்துட்டான்னு அவன்கிட்ட யாரும் சொல்லல" என்றார்.

"நீங்களே சொல்லிருங்களேன்."

"நான் சேதிய எடுத்துட்டுப் போறவன். சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்."

காலி நாற்காலியைப் பார்த்தேன். "தம்பி, நீ போய்ச் சேந்துட்டப்பா. ஊர்ல காரியமெல்லாம் நல்லபடியா பண்ணிட்டாங்க. சாமி உன்னப் பாத்துக்கும்." அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. தூதர் அதைக் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். காலி நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்துவிட்டு, "டீ நல்லாருக்குன்னான்" என்றார்.

மறுநாள் நாலு மணிக்குச் சத்தம் இல்லை. மகள் வந்தாள். பேத்தி பிறந்தாள்.

என்ன கைமாறு செய்ய என்று கேட்டேன். அந்த வருஷத் தேர்தலுக்கான மனுவை நீட்டினார். "முன்மொழியுங்க."

"நான் எம்.பி. இல்லீங்களே."

"தெரியும்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தடவையும் தள்ளுபடி. ரயிலிறங்கி நேரே வந்து மனுவைக் காட்டினார். என் கையெழுத்துக்குக் கீழே, வழிமொழிபவர் இடத்தில், கன்னடத்தில் ஒரு கையெழுத்து. வாடகைப் பத்திரத்தில் மஞ்சுநாத் போட்டிருந்த அதே சுழி, அதே சாய்வு.

"கை கழுவிட்டு வாங்கய்யா, உங்களுக்குச் சோறு எடுத்து வெச்சிருக்கோம்" என்றேன்.