ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அடைகாத்த கதை

அன்று காலை நான் ஒரு சபதம் செய்தேன். சபதம் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

"இருபது முட்டை. கோழியே வேண்டாம். என் பெட்டியிலேயே குஞ்சு பொரிச்சுக் காட்டறேன். பொரிச்சா பின்னறை எனக்கு. என் கம்ப்ரஸர், சிலிண்டர் எல்லாம் அங்கதான் இருக்கும்!"

அந்த அறையில் தையல் மெஷின் போட வேண்டும் என்று என் மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"பொரிக்கலைன்னா?"

"உன் மெஷினை நானே தூக்கிட்டு வந்து வைக்கறேன்."

"சரிங்க" என்றாள். அவள் சட்டென்று சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இருபது வருஷமாக டிகிரியோடுதான் குடித்தனம். தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு பல்பு, சூட்டைப் பார்த்துப் பல்பைப் போட்டு அணைக்க ஒரு கண்ட்ரோலர். முப்பத்தேழரையில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். பல்பு எரியவில்லை.

மூன்று பல்பு மாற்றினேன். வயரைப் பிரித்து மறுபடி முறுக்கினேன். ம்ஹூம். முட்டைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். வெறும் பெட்டியை ஒரு நாள் ஓட்டிக் காட்டாமல் ஒரு முட்டைகூடத் தர மாட்டாளாம்!

மத்தியானம் ஜன்னல் வழியாக வெயில் நேரே பெட்டி மேல் அடித்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா? யாரு கை பட்டது!"

"நாப்பதுக்குப் போயிடுச்சுங்க."

"தானா அணையும்."

"நாப்பத்திரண்டு."

"அணையும்டி!"

"நாப்பத்தஞ்சு. குஞ்சு வராது, அவிச்ச முட்டைதான் வரும்."

மூடியைத் திறந்து விசிறினேன். சூடு முப்பத்தேழுக்கு இறங்கியதும் பல்பு அணைந்தது. பிறகு எரியவே இல்லை. கண்ட்ரோலரோடு வந்த காகிதத்தை நான் குப்பையில் போட்டிருந்தேன். மனைவி அதை எடுத்து நீவிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, குளிர வைக்க ஒரு செட்டிங், சூடாக்க ஒரு செட்டிங்னு போட்டிருக்கே. நீங்க எதுல வச்சீங்க?"

இருபது வருஷப் பழக்கம். கை தானாகக் குளிர் பக்கம் போயிருக்கிறது. சூடு ஏறினால் கம்ப்ரஸரை ஓட்ட வேண்டும் என்று நினைத்து, அந்தக் கண்ட்ரோலர் பல்பை எரித்திருக்கிறது.

"அதைத்தான் இப்ப மாத்தலாம்னு இருந்தேன்."

"தெரியும், தெரியும். பெட்டியை வெயில விட்டுத் தள்ளி வைங்க."

மறுநாள் முட்டை கிடைத்தது. பதினெட்டு நாள், நாளுக்கு மூன்று தடவை திருப்பினேன். கடைசி மூன்று நாள் தொடாமல் காத்திருந்தேன். இருபத்தோராம் நாள் காலை ஓர் ஓடு விரிந்து, ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் பதினெட்டுக் குஞ்சு!

"பின்னறை எனக்கு!" என்று குதித்தேன்.

"உங்களுக்கேதான், யாரு இல்லைன்னா? குஞ்சுங்களையும் அங்கயே விடுங்க. ஒரு மாசம் சூடு குறையாம பக்கத்துலயே ஆள் இருக்கணும். டிகிரி விஷயத்துல உங்களை விட்டா யாரு இருக்கா?"

அந்தப் பெருமையில் பாயையும் தலையணையையும் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

இப்போது பின்னறை முழுக்க என்னுடையதுதான். பதினெட்டுப் பேரோடு படுத்துக்கொள்கிறேன். எங்கள் படுக்கையறையில், நல்ல வெளிச்சமான ஜன்னலோரமாக, தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.