ஜன்னலோரத் தோள்

பஸ் ஊத்துக்குளியைத் தாண்டியதும் இளங்கோவின் தலை வழக்கம்போல ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அங்கே வழக்கமான தோள் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெரியவர், கட்டைப்பையில் வைத்த சேவலோடு உட்கார்ந்திருந்தார். சேவல் இளங்கோவின் காதில் ஒரு கொத்து கொத்தியது.

"தலையக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கங்க. அதுக்குக் கூச்சம் சாஸ்தி" என்றார் பெரியவர்.

இளங்கோ திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மூன்று வருடமாக அதே எட்டு மணி பஸ், அதே கடைசிக்கு முந்தின சீட். ஜன்னலோரம் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் இருப்பார். அவர் தோளில் தலையைச் சாய்த்தால் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இளங்கோவுக்கு ஹாரன்கூடக் கேட்காது. ஏறும்போதே பாதித் தூக்கம். இறங்கும்போது மீதித் தூக்கம். அந்த மனிதரின் பேர் தெரியாது, முகமும் மனசில் நிற்கவில்லை.

அடுத்த நாளும் அவர் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. தூக்கமில்லாத இளங்கோ கம்பெனியில் மேஜைமேல் சரிந்தான். ஒரு கை முழுசாகவும் ஒரு கை அரையாகவும் இருந்த டி-சர்ட் அவனைத் தாண்டி பேக்கிங் வரைக்கும் போய்விட்டது.

மேனேஜர் தங்கராஜ் அதை விரித்துப் பிடித்தார். "ஏனுங்க இளங்கோ, இதுக்குத் தகுந்த ஆளையும் சேர்த்து அனுப்பிரலாங்களா?"

"கண்ணு கொஞ்சம் அசந்துருச்சுங்க."

"இன்னொருக்கா அசந்துச்சுன்னா செக்கிங்குக்கு வேற ஆளப் பாக்க வேண்டியதுதானுங்க."

வீட்டில் மனைவி சித்ரகலா சுலபமாக ஒரு வழி சொன்னாள். "ஒரு தலகாணி எடுத்துட்டுப் போங்க மாமா."

எடுத்துப் போனான். பக்கத்து சீட்டுக்காரர், "கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிம்மதியாகத் தூங்கினார். இளங்கோ அவரைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அவருக்கு என்னமோ ஆயிருச்சு கலா" என்றான் அன்று சாயங்காலம். செல்போனில் குற்றச் செய்திகளை விடாமல் பார்க்கிறவன் அவன். "ஆளை யாரோ கடத்திட்டாங்கன்னு தோணுது."

"தோளக் கடத்திட்டுப் போயி என்ன மாமா பண்ணுவாங்க?"

"சிரிக்காத. நான் தேடாம யாரு தேடுவாங்க?"

மறுநாள் கண்டக்டர் அருள்குமாரிடம் விசாரணையைத் தொடங்கினான்.

"எம்பக்கத்துல ஒருத்தர் உக்காருவாரே, எங்க போனாருங்க?"

"எப்படி இருப்பாருங்க?"

"வெள்ளைச் சட்டைங்க."

"பாதி பஸ்சு வெள்ளைச் சட்டைதானுங்க. மூஞ்சி எப்படி?"

"சரியாப் பாத்ததில்லீங்க."

"பேரு?"

"தெரியாதுங்க."

அருள்குமார் டிக்கெட் மெஷினை நிறுத்தினான். "அப்புறம் எதுக்குங்க தேடறீங்க?"

ஒருவர் தோளில் தூங்கினேன் என்று சொல்ல இளங்கோவுக்கு வெட்கமாக இருந்தது. "அவருகிட்ட ஒண்ணை உட்டுட்டனுங்க" என்று முனகினான்.

அதுதான் வினையாகப் போயிற்று. அவன் விட்டது பணம் என்றது முன் சீட்டு. நகை என்றது நடு சீட்டு. ஒருவருக்கு மழைக்காலத்தில் தொலைந்த குடை ஞாபகம் வந்தது, இன்னொருவருக்கு டிபன் கேரியர். எல்லாவற்றையும் வெள்ளைச் சட்டைக்காரர் கணக்கில் எழுதினார்கள்.

எட்டு மணி பஸ்ஸுக்கு அருள்குமார் நடத்துகிற ஒரு வாட்ஸ்ஆப் குரூப் உண்டு. கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி எப்போதோ வேடிக்கைக்கு எடுத்த போட்டோவை அதில் போட்டாள். 'பஸ் திருடன். பார்த்தால் உடனே போலீசுக்குச் சொல்லவும்' என்று யாரோ கீழே எழுதி ஊரெல்லாம் அனுப்பினார்கள். அந்தப் போட்டோவில் வெள்ளைச் சட்டைக்காரரின் ஒரு தோளும் அரைக் காதும்தான் தெரிந்தன. வாயைப் பிளந்துகொண்டு தெளிவாகத் தெரிந்தது இளங்கோவின் முகம்.

காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இரண்டு பேர் அவன் கையைப் பிடித்தார்கள்.

"இவந்தானுங்க. வாயப் பாருங்க, அதே வாயி."

ஸ்டேஷனில் ஏட்டு ஜானகியம்மாள் செல்போனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீங்கதானுங்களே?"

"நாந்தானுங்க. ஆனா தேடற ஆளு நானில்லீங்க. தேடறவன்தான் நானு."

"திருடு போனது என்ன?"

"தூக்கமுங்க."

ஜானகியம்மாள் பேனாவை மூடி வைத்தார். வெட்கத்தை விட்டு இளங்கோ எல்லாவற்றையும் சொன்னான். தோள் இல்லாமல் போனது, சேவல், கை மாறின டி-சர்ட், தலையணை. சொல்லி முடிக்கும்போது அவனுக்கே கண் கலங்கியது. "திருடனும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க. பாவம், அவரு உசிரோட இருந்தாச் செரி."

அப்போது வாசலில் ஒரு பெண், கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் பேர் சாமியாத்தாள், வீட்டிலேயே தையல் வேலை. கையில் அதே போட்டோ.

"இந்தச் சட்டை நான் தெச்சதுங்க. இது என்ர ஊட்டுக்காரரு தோளு. வெள்ளையன்னு பேரு. இவரு அடுத்தவங்க பொருள ஒருநாளும் தொட்டதில்லீங்க. திருடன்னு எப்படிப் போடலாம்?"

வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இவருதானுங்களா?" என்று இளங்கோவிடம் கேட்டார் ஜானகியம்மாள்.

இளங்கோ உற்றுப் பார்த்தான். "மூஞ்சிய வெச்சுச் சொல்ல முடியாதுங்க. கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க."

வெள்ளையன் பெஞ்சில் உட்கார்ந்தார். இளங்கோ பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அவர் தோளில் மெல்லத் தலையைச் சாய்த்தான். ஸ்டேஷனே அவனைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. ஜானகியம்மாள் மேஜையைத் தட்டினார்.

இளங்கோ திடுக்கிட்டு எழுந்தான். "இவரேதானுங்க."

ஜானகியம்மாளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. குரூப்பில் எல்லாரும் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று அங்கேயே அருள்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னார். எல்லாருக்கும் டீ வந்தது. இளங்கோவுக்கு மனசு நிறைந்துவிட்டது. தேடின ஆள் கிடைத்தார், அதுவும் முழுசாக.

"இத்தன நாளா எங்கண்ணா போயிட்டீங்க? பயந்தே போயிட்டேன்."

"முந்தின பஸ்சுக்கு மாறிட்டனுங்க தம்பி. கம்பெனியில விரல் வெக்கிற மெஷின் கொண்டாந்துட்டாங்க. இனி நேரத்துக்குப் போயாகோணும்."

"நம்ம பஸ்சுலயே நேரத்துக்குப் போயிரலாங்களே. எட்டே முக்காலுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு வந்துருதே."

வெள்ளையன் டீயை ஊதினார். மனைவியைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

சாமியாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இவரு கம்பெனி வழியில மண்ணரையிலயே இருக்குதுங்க. உங்களை எழுப்ப மனசில்லாம மூணு வருசமா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு, அங்கிருந்து வேற பஸ் புடிச்சுத் திரும்பிப் போயிட்டிருந்தாருங்க."